பதினேழு சுற்றும் இரண்டு போல்ட்டும்

"ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, அண்ணே. இறங்கும்போதுதான் வண்டி என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது."

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வௌவால் மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது வந்த அழைப்பு. பேசியவர் அரியலூர்ப் பிள்ளை. தீவின் மேற்குப் பக்கத்தில் விளையாட்டுத் திடல்களைப் பராமரிக்கும் குத்தகைக்காரர் ஒருவரிடம் டிராக்டர் ஓட்டுகிறார். திடலைச் சுற்றிப் புல் போர்த்திய கரைமேடு ஒன்று உண்டு. முந்தைய நாள் மழை விட்ட பிறகு அதில் இறங்கியபோது, பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்காமல் பக்கவாட்டில் சறுக்கி வேலியோரம் போய் நின்றிருக்கிறது.

"முன்சக்கரம் இழுக்கிறதா?" என்று கேட்டேன்.

"லிவர் ஃபோர் வீலில்தான் இருக்கிறது, அண்ணே."

நான் கேட்டது அதை அல்ல. ஆனால் யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். லிவர் எங்கே நிற்கிறது என்பது இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். முன்சக்கரம் தானாகச் சுழல்கிறதா, தள்ளப்பட்டு உருள்கிறதா என்பது கீழே இறங்கிப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

ஏறும்போது தெரியாமல் இறங்கும்போது தெரிந்ததில் விந்தை ஒன்றும் இல்லை. இந்த அளவு டிராக்டர்களில் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். நான்கு சக்கர இழுவையைப் போட்டிருந்தால், பின்னால் பிடிக்கிற பிரேக் கியர் பெட்டி வழியாக முன்னச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சரிவில் இறங்கும்போது வண்டியின் பாரம் முன்னால் போய்விடுகிறது, பின்சக்கரம் இலேசாகிறது. ஈரப் புல்லில் இலேசான சக்கரத்தைப் பூட்டினால் அது சறுக்குக் கட்டைதான். ஏறும்போது பின்சக்கரம் பாரத்தோடு அழுந்தி நிற்பதால் முன்னிழுவை செத்திருந்தாலும் சமாளித்துவிடும். முன்னிழுவையின் அருமை இறக்கத்தில்தான் தெரியும். நான் வரும்வரை அந்தக் கரைமேட்டில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டு, மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

என் ஊர் மன்னார்குடிப் பக்கம். சுங்கை காடுட்டில் ஒரு பட்டறையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். புல்வெட்டும் இயந்திரங்கள், சிறிய டிராக்டர்கள், அவற்றின் பின்னால் மாட்டுகிற சாமான்கள், இவைதான் என் உலகம். சிறிய டிராக்டர் என்றால் இருபதிலிருந்து நாற்பது குதிரைசக்தி. ஊரில் நான் பழகிய டிராக்டர்களில் முன்னச்சு என்பது வெறும் உத்தரம். இரண்டு சக்கரத்தைத் தாங்கும், திரும்பும், அவ்வளவுதான். சேற்றில் இரும்புச் சக்கரம் மாட்டி உழுவோம். முன்னச்சுக்குள் பல்சக்கரமும் எண்ணெயும் இருக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்ததே இங்கே வந்த பிறகுதான். நெல் விளையாத நாட்டில் டிராக்டர் படித்தேன் என்று சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள்.

இங்கேயும் இந்த வண்டிகள் ஓடுகிற புல்திடல்கள் குறைந்துகொண்டுதான் வருகின்றன. ஜூரோங் கன்ட்ரி கிளப்பின் கோல்ஃப் திடல் 2016 கடைசியோடு போயிற்று. ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப் 2018இல். அதிவேக ரயிலுக்காக நிலம் எடுத்தார்கள். அந்த ரயில் திட்டமே ரத்தாகிவிட்டதாக 2021 பிறந்த அன்று அறிவித்தார்கள் என்பது வேறு கதை. கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடியது. எல்லோரும் குதிரையைப் பார்ப்பார்கள். நான் தடத்தில் பரம்படிக்கிற டிராக்டரைப் பார்க்கிற ஆள். சரி, வண்டிக்கு வருவோம்.

திங்கட்கிழமை போனபோது தவுக்கே, அதாவது அந்தக் குத்தகைக்கார முதலாளி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அதற்குள் வேறொரு பட்டறையிலிருந்து ஆள் வந்து பார்த்து, முன்னச்சை முழுதாக மாற்ற வேண்டும், 4,600 வெள்ளி ஆகும் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எதைக் கழற்றிப் பார்த்தார் என்று கேட்டேன். எதையும் கழற்றவில்லை, ஓட்டிப் பார்த்தார் என்றார் ஓட்டுநர். ஓட்டிப் பார்த்தால் முன்சக்கரம் இழுக்கவில்லை என்பது தெரியும். எங்கே அறுந்திருக்கிறது என்பது எப்படித் தெரியும்?

கியர் பெட்டியிலிருந்து முன்சக்கரம் வரைக்கும் இழுவை போகிற வழி ஒரு சங்கிலிபோல. கியர் பெட்டிக்குள் லிவர் தள்ளுகிற நகரும் பல்வளையம் ஒன்று. அங்கிருந்து வெளியே வருகிற குட்டைத் தண்டு. அதை நீண்ட தண்டோடு சேர்க்கிற கப்ளிங். வண்டியின் வயிற்றுக்கடியில் குழாய் உறைக்குள் ஓடுகிற அந்த நீண்ட தண்டு. முன்முனையில் இன்னொரு கப்ளிங். பிறகு முன்னச்சின் பினியன், கிரௌன் என்கிற பல்சக்கரங்கள், இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல், இரண்டு பக்கமும் அரைத்தண்டுகள், கடைசியில் சக்கரத்தருகே சாய்பல் சக்கரங்கள். இதில் எந்த ஒரு கண்ணி விட்டாலும் வெளியே தெரிகிற நோய் ஒன்றேதான். இன்னொரு வேடிக்கை: இடது பக்க அரைத்தண்டு மட்டும் உடைந்தால்கூட வலது சக்கரமும் இழுக்காது. டிஃபரன்ஷியல் இளகிய பக்கத்துக்கே எல்லாவற்றையும் அனுப்பிவிடும். அதனால் "இரண்டு சக்கரமும் இழுக்கவில்லை, ஆகவே நடுவில்தான் கோளாறு" என்பது அவசரக்காரன் கணக்கு.

அறுந்த கண்ணியைக் கண்டுபிடிக்கக் கையே போதும். இன்ஜின் வேண்டாம், வேண்டவே வேண்டாம். முன்பக்கத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இன்ஜினை முடுக்கிக் கியர் போட்டுப் பார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்சக்கரம் தரையில் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

தூக்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முன்னச்சு நடுவில் ஒரே முளையில் ஊஞ்சல் பலகைபோல ஆடும். மேடுபள்ளத்துக்கு ஏற்பச் சாய்வதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ஜாக்கியில் நிற்கும்போது அந்த ஆட்டம் நமக்கு எமன். அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து, அச்சின் இரு முனைகளுக்கும் தாங்கி கொடுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகுதான் நான் கீழே கை நீட்டுவேன்.

கியர் விழுந்திருக்கிறது, கைப்பிரேக் போட்டிருக்கிறது, லிவர் ஃபோர் வீலில் இருக்கிறது. இந்த நிலையில் இடது முன்சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றினால் வலது சக்கரம் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். வலது சக்கரத்தை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இடது சக்கரம் நகரக் கூடாது. பல்லுக்குப் பல் இருக்கிற சிறு தளர்ச்சி மட்டும் ஆடலாம். என் உதவியாளர் மியன்மார்க்காரர், கை இரும்பு. அவரை வலது சக்கரத்தைப் பிடிக்கச் சொல்லிவிட்டு இடதைத் திருப்பினேன். தாராளமாகச் சுற்றியது. சத்தமும் இல்லை, கரகரப்பும் இல்லை.

இப்போதுதான் பார்க்க வேண்டிய இடம் வருகிறது. குழாய் உறையின் கவ்விகளைத் தளர்த்தி உறையை நகர்த்தினால் உள்ளே நீண்ட தண்டு தெரியும். சக்கரத்தைச் சுற்றும்போது அந்தத் தண்டு சுற்றவில்லை என்றால், முன்முனைக் கப்ளிங்கிலோ அச்சுக்குள்ளோ ஏதோ உடைந்திருக்கிறது. அந்தக் கப்ளிங் சரியாக இருந்தால் அச்சைத் திறந்தே ஆக வேண்டும். தண்டும் கூடவே சுற்றினால் அச்சுக்குள் எல்லாம் உயிரோடு இருக்கிறது, கோளாறு பின்னால். நான் மல்லாந்து படுத்துக்கொண்டு ஓட்டுநரைச் சக்கரத்தைத் திருப்பச் சொன்னேன். தண்டு அமைதியாகச் சுழன்றது. கியர் பெட்டியிலிருந்து வருகிற குட்டைத் தண்டு அசையாமல் நின்றது. இரண்டுக்கும் நடுவே இருந்த கப்ளிங்கின் வாயில் மிளகாய்த்தூள் அப்பியதுபோலச் சிவந்த துருப்பொடி. இரும்பும் இரும்பும் கிரீஸ் இல்லாமல் உரசிய இடத்தில் வருகிற நிறம் அது.

கழற்றியபோது, கப்ளிங்கைத் தண்டோடு பூட்டுகிற ரோல் பின் இரண்டு துண்டாக உறைக்குள் கிடந்தது. கப்ளிங்கின் உட்புறம் நீளவாக்கில் வரி வரியாகப் பல் வெட்டியிருக்கும். விரலை விட்டுத் தடவினேன். முன்பாதியில் பல் இருந்தது, பின்பாதி மோதிரத்தின் உட்புறம்போல வழவழவென்று இருந்தது. தண்டின் பல் பரவாயில்லை. கப்ளிங் மென்மையான பாகம், தேய்வதற்கென்றே வைத்தது என்று தோன்றுகிற அளவுக்கு அதுதான் முதலில் தேய்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்று பின்பாதியில் பல் முழுவதும் போயிருந்ததால் கைச்சோதனையில் மாட்டியது. பாதி தேய்ந்த கப்ளிங் நம் கையின் பலத்துக்குப் பிடித்துக்கொண்டு நிற்கும், வயலில் இறங்கியதும் வழுக்கும். கையில் தேறினாலும் உறையைத் திறந்து பார்க்காமல் விடாதீர்கள்.

அச்சைத் திறக்கவில்லை என்றாலும் அதன் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தேன். தண்ணீர் கலந்தால் பால்விட்ட தேநீர்போல வெளுத்துவிடும். இது நிறம் மாறாமல்தான் இருந்தது, ஆனால் இடது சக்கரத்தின் உட்பக்கம் லேசான கசிவு. துடைத்துப் பார்த்தால், சக்கரக் குடத்துக்கும், எண்ணெய் கசியாமல் அடைக்கிற ஆயில் சீலுக்கும் இடையில் பச்சை நைலான் நூல் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. தோளில் மாட்டிக்கொண்டு புல்வெட்டுகிறார்களே, அந்த இயந்திரத்திலிருந்து அறுந்து விழுகிற நூல். இந்தத் தீவில் சாலையோரம், வீவக அடுக்குமாடி புளோக் அடி, திடல் எங்கும் காலையிலிருந்து அந்த இயந்திரம் இரைந்துகொண்டிருக்கிறது. விழுகிற நூல் புல்லோடு புல்லாகக் கிடந்து, சக்கரத்தில் ஏறி, சீலின் உதட்டை அறுக்கிறது. கத்தி முனையால் நோண்டி எடுத்ததை ஓட்டுநர் உள்ளங்கையில் வாங்கி அதிசயமாகப் பார்த்தார். சீல் தப்பியது. என் அனுபவத்தில், உள்ளே உடைந்த முன்னச்சுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்குகின்றன: நூல், பிறகு கசிவு, பிறகு எண்ணெய்க்குப் பதில் மழைத்தண்ணீர்.

புதுக் கப்ளிங், புது பின், கிரீஸ். ஒன்றரை மணி நேர வேலை, 280 வெள்ளி. தவுக்கே 4,600 எழுதியிருந்த தாளையும் என் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை பார்த்தார். எனக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார். அன்று மாலை நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீடு போனேன்.

பதினோரு வாரம் கழித்து அதே குரல், அதே வாசகம்: "அண்ணே, மறுபடியும் வழுக்குகிறது."

அதே கப்ளிங். அதே மிளகாய்த்தூள். இந்தத் தடவை ரோல் பின் தப்பியிருந்தது. பல் மட்டும் போயிருந்தது. தவுக்கே எதுவும் சொல்லவில்லை. கோப்பியும் வாங்கித் தரவில்லை. பாகம் மட்டமானதாக இருக்குமோ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வாய் வந்தது. நானே பெட்டியைப் பிரித்து எடுத்த அசல் பாகம் அது. கம்பெனியின் தலையில் கட்ட மனசாட்சி விடவில்லை. வருடக்கணக்கில் உழைக்க வேண்டியது பதினோரு வாரத்தில் போகிறது என்றால், அதைத் தின்கிற ஏதோ ஒன்று வண்டியில் இருக்கிறது. முதல் தடவையே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எங்கே அறுந்தது என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில், ஏன் அறுந்தது என்பதைக் கேட்காமலே கருவிப்பெட்டியை மூடியிருக்கிறேன்.

ஓட்டுநரை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தேன். ஃபோர் வீல் லிவர் எளிதாக வெளியே வருமா?

"எங்கே அண்ணே வருகிறது. காலால் உதைக்க வேண்டும். சில நாள் ரிவர்ஸில் கொஞ்சம் எடுத்தால் 'டக்'கென்று விழும்."

எனக்குள் மணி அடித்தது. லிவர் துரு ஏறியதால் வராமல் இருந்தால் ரிவர்ஸ் எடுத்தாலும் வராது. பின்னால் எடுத்ததும் விழுகிறது என்றால் தண்டு முறுக்கேறி நிற்கிறது. ஈரத் துணியை இரண்டு பேர் இரு முனையில் பிடித்துப் பிழிகிற மாதிரி. ஒருவர் கையை நழுவவிட்டால் துணி தானாகத் தளர்கிறது. ரிவர்ஸ் எடுப்பது அதுதான்.

எழுந்து போய் டயரைப் பார்த்தேன். முதல் தடவை அந்த டயர்மேல் கையை வைத்துச் சுற்றியவனே நான்தான். கண் மட்டும் வண்டியின் வயிற்றுக்கடியில் இருந்திருக்கிறது. பின்னால் வழக்கமான புல்தரை டயர், பாதிக்குமேல் தேய்ந்தது. முன்னால் ஆழமான கட்டைகள் வைத்த வயல் டயர். கட்டைகளின் ஒரு விளிம்பு மட்டும் ரம்பப் பல்போலத் தேய்ந்திருந்தது. போன ஆண்டு நடுவில் மாற்றியதாம். சரிவில் பிடிமானம் வேண்டும் என்று தவுக்கே முன்னால் மட்டும் போட்டிருக்கிறார். பக்கவாட்டில் அச்சடித்த அளவு எண்கள் பழைய டயரில் இருந்தவைதான், ஒரு புள்ளி மாறவில்லை. அந்த எண்ணை நம்பித்தான் எல்லோரும் ஏமாந்தோம்.

இந்த வண்டிகளில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் போட்டால் இரண்டும் ஒரே பூட்டு. பின்சக்கரம் பெரியது, முன்சக்கரம் சிறியது. ஒன்று ஒரு சுற்றுச் சுற்றினால் மற்றது எத்தனை சுற்ற வேண்டும் என்பதைத் தொழிற்சாலையில் பல்லெண்ணிக்கையாக வெட்டி வைத்துவிட்டார்கள். அதிலும் முன்சக்கரம் தேவைக்குச் சற்று அதிகமாகவே ஓடும்படி வைப்பார்கள். திரும்பும்போது முன்சக்கரம் போகிற வளைவு பின்சக்கரத்தைவிட நீளம் என்பதால் அது வேண்டியிருக்கிறது. ஒன்று முதல் ஐந்து சதவீதம் வரை முந்தினால் புல்லில் நாசூக்காக வழுக்கிச் சரியாகிவிடும். டயரின் சுற்றளவு மாறினால் இந்தக் கணக்கு கெடும். முன்டயர் பெரிதானாலும், பின்டயர் தேய்ந்து சிறுத்தாலும் முந்துவது கூடும். இங்கே இரண்டும் நடந்திருக்கிறது.

ஊகித்தால் போதாது, இந்தத் தடவை எண்ணிவிடுவது என்று முடிவு செய்தேன். மூன்றாவது கப்ளிங்கை மாட்டி, மறுநாள் ஆறரை மணிக்கு, ஆட வருகிறவர்கள் வருமுன் திடலுக்குப் போனோம். நான்கு டயருக்கும் காற்று அளந்து சரி செய்தோம். சுண்ணக்கட்டியால் டயரில் குறி போட்டேன். பனி ஈரத்தில் நிற்கவில்லை. வெள்ளைத் துணியைக் கிழித்துச் சக்கரத்தில் கட்டினோம். முதலில் ஃபோர் வீல் இல்லாமல், மிக மெதுவான கியரில் நேராக ஓட்ட வேண்டும். உதவியாளர் பின்சக்கரத்தோடு நடந்து பத்துச் சுற்று எண்ணிக் கையைத் தூக்க வேண்டும், அந்த நொடி வண்டி நிற்க வேண்டும். நான் முன்சக்கரத்தோடு நடந்து எண்ண வேண்டும். அவர் பர்மியத்தில் எண்ணினார், நான் தமிழில். முப்பது மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். சக்கரத்தில் ஐந்து போல்ட். அதனால் மிச்சத்தைப் போல்ட்டுக் கணக்கில் பிடித்தேன், ஒரு போல்ட் ஐந்தில் ஒரு பங்கு.

இரண்டாம் முறை போய்க்கொண்டிருக்கும்போதே மேற்கே வானம் கறுத்து, திடலின் மின்னல் எச்சரிக்கை ஒலித்தது. முக்கால் மணி நேரம் கொட்டகையில் குந்தியிருந்தோம். ஓட்டுநர் கொண்டுவந்திருந்த பராட்டாவை மூன்றாகப் பிய்த்தோம். அங்கிருந்து பார்த்தால் திடலின் நடுவே வண்டி தனியாக, சக்கரத்தில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு, சரணடைந்த படைபோல நின்றது.

மழை விட்டதும் தொடர்ந்தோம். மும்மூன்று தடவை. ஃபோர் வீல் இல்லாமல் முன்சக்கரம் பதினைந்து சுற்றும் நாலரை போல்ட்டும், அதாவது 15.9. ஃபோர் வீல் போட்டால் பதினேழு சுற்றும் சரியாக இரண்டு போல்ட்டும்: 17.4. ஒன்றரைச் சுற்று வித்தியாசம். 15.9க்கு ஒன்றரை என்றால் ஒன்பது சதவீதத்துக்கும் மேல்.

பின்சக்கரம் நூறு மீட்டர் போகிற நேரத்தில் முன்சக்கரம் நூற்று ஒன்பது மீட்டர் போகத் துடிக்கிறது. ஈரப் புல்லில் பரவாயில்லை, சறுக்கித் தொலைக்கும். புல்லும் பெயரும், நேர்க்கோட்டில் ஓடிய இடத்தில்கூடப் புல் சுரண்டப்பட்டிருக்கிறது என்று தவுக்கே இரண்டு மாதமாக உரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாராம். கொட்டகைக்கும் திடலுக்கும் இடையில் எழுநூறு மீட்டர் கான்கிரீட் பாதை. அங்கே சறுக்க வழியில்லை. லிவர் வெளியே வராததால் அதிலும் ஃபோர் வீலிலேயே ஓட்டியிருக்கிறார், தினம் நான்கு நடை. முறுக்கு முழுவதும் எங்கே போகும்? கப்ளிங்கின் பல்லுக்குத்தான். சரிவில் சறுக்கிய பயத்தில் ஃபோர் வீலை எடுக்கவே கூடாது என்று வேறு அவர் முடிவு செய்திருந்தார். பாவம், அதுவே அதை அறுத்துக்கொண்டிருந்தது.

டேப்பால் டயரின் சுற்றளவை அளந்தேன். புதியது 186 சென்டிமீட்டர். பழைய டயர் ஒன்று கொட்டகையின் பின்னால் கொசு வராமல் மண் நிரப்பிக் கிடந்தது. மண்ணைக் கொட்டி, வளையத்தில் மாட்டிக் காற்றடித்து அளந்தால் 178. விட்டத்தில் இரண்டரை சென்டிமீட்டர்தான் வேறுபாடு, கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

தவுக்கேயிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி: "அளவு எண் ஒன்றுதானே?" ஒன்றுதான். அந்த எண் டயர் எந்த வளையத்தில் உட்காரும் என்பதற்கு உத்தரவாதம். ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் உருளும் என்பதற்கு அல்ல. கட்டையின் உயரமும் தயாரிப்பும் மாறினால் அது மாறும். டயர் மாற்றும்போது அளவெண்ணோடு சுற்றளவையும் கேட்டு வாங்குங்கள் என்றேன். 280 வெள்ளி பில்லைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், வேண்டாம் என்று ஒரு வார்த்தைக்காவது சொல்வார் என்று எதிர்பார்த்தது என் தவறு.

முன்னால் புல்தரை டயர் வந்தது. மறுபடியும் துணி கட்டி எண்ணினோம். ஃபோர் வீல் இல்லாமல் இப்போது பதினாறு சுற்றும் மூன்று போல்ட்டும், 16.6. ஃபோர் வீல் போட்டால் அதே 17.4. அது மாறாது, டயரை மாற்றினாலும் மாறாது, அது இரும்பில் வெட்டிய எண். முந்துவது ஐந்து சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. பின்டயரையும் மாற்றினால் மூன்றுக்கு வரும். தவுக்கே அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கிறார். கான்கிரீட் பாதைக்கு வருமுன் லிவரை எடுத்துவிடுவதாக ஓட்டுநர் சத்தியம் செய்திருக்கிறார். இப்போது ஒரு விரலால் வருகிறதாம்.

எனக்குப் பிறகு அந்த வண்டியைத் தொடுகிறவருக்கு உதவட்டும் என்று பானெட்டின் உட்புறம் வெள்ளைப் பெயின்டில் "10 — 17.4" என்று எழுதி வைத்தேன். போன வாரம் எண்ணெய் மாற்றப் போனபோது தவுக்கே பானெட்டைத் திறந்து அந்த எண்ணைச் சுட்டிக்காட்டி, இது என்ன என்று மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். தலையாட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். புதன்கிழமை நாலு நம்பர் லாட்டரியில் 1017 ஒன்று, 0174 ஒன்று.